மேட்டு வயலில் ஒரு வளைவு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த மேட்டுக்காரர்கள் யாரும் நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். கார் வைத்திருப்பவன் காரிலும், இல்லாதவன் குதிரை வண்டியிலுமாக முகட்டுச் சாலையில் மெல்ல ஊர்ந்து போவார்கள். காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வார்கள். அடுத்தவன் உழவைப் பார்க்கத்தான் போகிறார்கள். எவன் உழவுச்சால் நேராக ஓடுகிறது, எவன் சால் நடுவில் இடுப்பை வளைக்கிறது, எவன் கலப்பை பிடிக்கும்போது பக்கத்துப் பண்ணைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் அந்த ஊர்வலத்தில் தீர்ப்பாகிவிடும். மற்ற பாவத்துக்கெல்லாம் பாதிரியார் மன்னிப்பு வாங்கித் தருவார். கோணல் சாலுக்கு அங்கே மன்னிப்பே கிடையாது.

அந்த மேட்டில் நேர்சாலுக்கு ராஜா எம்ப்ரெட் லியென். ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். சாப்பிட உட்கார்ந்தால் கத்தியையும் முள்கரண்டியையும் மேஜை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுத்தான் தட்டைத் தொடுவான். முகட்டிலிருந்து வடக்குச் சரிவு முழுக்க, மேலிருந்து கீழே, அவன் சால்கள் நூல் பிடித்தமாதிரி இறங்கும். மற்ற வயல்களை ஊர்ந்தபடி பார்க்கிற வண்டிகள் அவன் வயலுக்கு எதிரே மட்டும் நின்றே விடும். அந்த நேரத்துக்கு அவன் கொட்டகை வாசலில் ஏதோ வேலையாக இருப்பதுபோல நிற்பான். ஒரு வேலையும் இருக்காது.

அந்தச் சரிவின் அடிவாரத்தில், பள்ளத்தாக்கில், அவன் தங்கை தோராவின் பண்ணை. அப்பா போனபோது மேடு அண்ணனுக்கு வந்தது. தோரா கீழ்ப்பண்ணை செல்மரைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் குடித்தனம் இறங்கினாள்.

தோராவுக்கு வீட்டைவிட அங்கிருந்த ஊற்றுதான் சொத்து. பாறை இடுக்கிலிருந்து கோடையிலும் பல் கூசுகிற தண்ணீர் வரும். அதற்கு மேலே கல் வைத்துக் கட்டிய சின்னக் கொட்டகை. உள்ளே தொட்டியில் பால் கேன்கள் கழுத்துவரை முங்கி நிற்கும். பால் குளிர்ந்திருந்தால் சொசைட்டியில் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பன்றிக்கு ஊற்ற வேண்டியதுதான்.

அந்த ஊற்றை நோக்கித்தான் பள்ளம் வந்துகொண்டிருந்தது.

பள்ளம் மேலிருந்து கீழே வரும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்த்ததில்லை. அது கீழே ஓடைக்கரையில்தான் பிறந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதன் விளிம்பில் தண்ணீர் விழுந்து விழுந்து, விளிம்பு இடிந்து, மேய்ச்சல் நிலத்தைத் தின்றபடி மேலே ஏறி வந்தது. கல்யாணமான புதிதில் தோரா தாண்டிக் குதித்த வெடிப்புக்குள் இப்போது குதிரையோடு வண்டியே மறைந்துவிடும். தின்ற மண்ணையெல்லாம் ஓடைக்கரையில் கொட்டியது. செல்மரின் அப்பா அங்கே நட்ட வேலி புதைந்து, முளைகளின் நுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. செல்மர் அதற்கு மேலேயே இன்னொரு வேலி போட்டிருந்தான். மிச்ச மண் மிசிசிப்பிக்குப் போயிற்று.

அந்த ஏப்ரலில், பனி உருகியதோடு மழையும் சேர்ந்துகொண்ட ஒரு வாரத்தில், பள்ளத்தின் வாய் ஊற்றுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

செல்மர் அன்று சாப்பாட்டு மேஜையில் சொன்னான்: "தோரா, இனி இழுத்துப் பிடிக்க முடியாது. ஊத்து பள்ளத்துக்குள்ள விழுந்துட்டா மாடு வச்சுக்கிட்டு என்ன பண்றது? லா கிராஸ் டவுன்ல எங்க சித்தப்பா பையன் தொழிற்சாலையில வேலை இருக்குங்கறான். ஜூலை மாசம் வரேன்னு சொல்லிடறேன்."

"தொழிற்சாலையில நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மத்தவன் என்ன பண்றானோ அத."

தோரா எழுந்தாள். செல்மரின் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. கொட்டகையை ஒட்டி ஓடிவந்த காபி நிறத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே தீருவது என்று அதன் எதிர்த்திசையில் ஏறினாள். மேய்ச்சல் நிலம் தாண்டியது. கம்பிவேலி தாண்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் வயல். அங்கே தண்ணீர் ஒவ்வொரு சாலிலும் தனித்தனியாக, நேராக, எந்தத் தடையும் இல்லாமல் இறங்கி வந்து, நடுவிலிருந்த தாழ்வில் ஒன்றுசேர்ந்து, அவள் வீட்டைப் பார்த்து ஓடியது. இத்தனை வருஷம் ஊரே மெச்சின அழகு. அவளும் மெச்சியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

எம்ப்ரெட் கொட்டகை வாசலில் குழாய் புகைத்துக்கொண்டு மழையை ரசித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தோரா, இந்த மழையில? பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அண்ணே, உன் வயல் தண்ணி என் ஊத்தைக் கொண்டுபோகப் போகுது."

"என் தண்ணியா? மழை கடவுள் குடுக்கறது."

"மழை கடவுள் குடுக்கறாரு. வாய்க்கால் நீதானே வெட்டி விடறே! மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு வயல் முழுக்க வாய்க்கால்."

பக்கத்துப் பள்ளத்தாக்கில், மண் அரிப்பைத் தடுக்க அரசாங்கம் கூடாரம் போட்டிருந்தது. அங்கே பிராடி என்று ஓர் இளைஞன், சரிவுக்குக் குறுக்கே மட்டம் பிடித்து உழச் சொல்லி வீடு வீடாகக் காபி குடித்துக்கொண்டு அலைந்தான். போன மாதம் எம்ப்ரெட்டிடமும் வந்து குடித்துவிட்டுப் போயிருந்தான்.

"அந்தப் பையன் சொல்றபடி குறுக்கால உழுதா என்னண்ணே?"

எம்ப்ரெட் குழாயை வாயிலிருந்து எடுத்தான். "குறுக்காலயா? மலையைச் சுத்திச் சுத்தியா? குடிகாரன் வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும். ரோட்டுல போறவன் என்ன சொல்லுவான்?"

"ரோட்டுல போறவன் ஞாயித்துக்கிழமை வருவான், போயிடுவான். நாங்களும் ஜூலையில போயிடறோம். லா கிராஸுக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

எம்ப்ரெட் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை தோரா லெஃப்ஸா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தான். தோரா காபி ஊற்றி வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"நெஜமாவே போயிடுவீங்களா?"

"ஊத்து போனா போகத்தான் வேணும்."

அவன் கோப்பையை மேஜை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தான். மறுபடி நகர்த்தினான். தோராவுக்கு அடுப்பைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. அம்மா இறந்த அன்றுகூட அண்ணன் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அந்தப் பையனை வரச் சொல்லு. ரோட்டுக்குத் தெரியாத பக்கம் ஏதாச்சும் இருக்கான்னு பாக்கச் சொல்லு," என்றான் கடைசியில்.

"எங்க பக்கம் இருக்கிறது ஒரே சரிவு. முழுக்க ரோட்டுக்குத் தெரியும்ணே."

"தெரியும் தெரியும். கேட்டு வச்சேன்."

பிராடி முக்காலியில் மட்டக்கருவியைப் பொருத்திச் சரிவு முழுக்க ஒரே உயரத்தில் முளைக்குச்சிகள் நட்டான். குச்சிகள் மலையின் வயிற்றைச் சுற்றி வெளியே வளைந்தன. நடுவிலிருந்த தாழ்வில் உள்ளே மடிந்து, மறுபடி வெளியே வந்தன. எம்ப்ரெட் முகத்தைச் சுளித்துக்கொண்டே குச்சி குச்சியாகப் பின்தொடர்ந்து உழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றன. எம்ப்ரெட் கொட்டகை வாசலுக்கு வரவில்லை. அவனுக்கு அன்று உண்மையிலேயே கொட்டகைக்குள் வேலை இருந்ததாம்.

ஓட்ஸ் முளைத்தது. மே மாதத்துச் சின்ன மழைகள் பள்ளத்துக்கு எட்டவே இல்லை. தோரா நிம்மதியாகத் தூங்கினாள். செல்மர் மட்டும் லா கிராஸ் பேச்சை விடவில்லை. "பெரிய மழை ஒண்ணு வரட்டும், அப்புறம் பேசுவோம்," என்றான்.

வந்தது. ஜூனில், மாடுகளைக் கறக்க ஓட்டிவரும் நேரத்தில், மேற்கே வானம் ஈயம்போல இருண்டது. தோராவும் செல்மரும் கோணிகளில் மண் நிரப்பிக்கொண்டு ஊற்றுக்கொட்டகைக்கு ஓடினார்கள். மழை கல்லெறிவதுபோல விழுந்தது. ஆனால் மேலிருந்து வந்த தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று தோரா மழையில் கத்தினாள். அவளுக்குச் சின்னப் பெண்போலக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

செல்மர் சிரிக்கத் தொடங்கினான். அப்போது மேலே வண்டி கவிழ்ந்ததுபோல ஒரு சத்தம். சேறும் ஓட்ஸ் பயிரும் கல்லுமாக ஒரே வீச்சில் இறங்கி வந்தது. இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளம் கொட்டகைக்குள் புகுந்து தொட்டியை நிரப்பி, கேன்களை உருட்டி, பள்ளத்தில் போய் விழுந்தது. விழுந்த வேகத்தில் விளிம்பு இடிந்தது. எல்லாம் அடங்கியபோது கொட்டகையின் ஒரு மூலைக் கல் அந்தரத்தில் தொங்கியது. ஊற்று இருந்த இடத்தில் சேறு.

"அவ்வளவுதான். அடுத்த மழைக்குக் கொட்டகையே இருக்காது," என்றான் செல்மர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தோரா தாங்கியிருப்பாள். அவன் களைத்துப்போய்ச் சொன்னான்.

விடிந்ததும் அவள் மேலே ஏறினாள். பிராடியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினாள். ஆனால் வேலியைத் தாண்டியதும் வாய் நின்றுவிட்டது. வயல் முழுக்க அப்படியே இருந்தது. ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் அசையாமல் நின்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நடுத்தாழ்வில் மட்டும் ஒரே ஓர் இடத்தில் வயல் கிழிந்து, களிமண் தெரிந்தது. கிழிசலின் ஓரத்தில் எம்ப்ரெட் நின்றுகொண்டிருந்தான். அவன் கக்கத்தில் மூன்று முளைக்குச்சிகள்.

தோரா குச்சிகளைப் பார்த்தாள். கிழிந்த இடத்தின் இரண்டு பக்கச் சால்களையும் பார்த்தாள். அவை மடியவே இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாழ்வின் குறுக்கே நேராக ஓடியிருந்தன.

"அண்ணே. இதையெல்லாம் யாரு புடுங்கினது?"

"நான்தான்."

"ஏன்?"

"முழங்கை மாதிரி மடங்குச்சு தோரா. அதுவும் ரோட்டுக்கு நேர் எதிர. வயல் முழுக்கக் கோணலைச் சகிச்சுக்கிட்டேன், அந்த ஒரு இடம் முடியல. கொஞ்சம் நேர் பண்ணி விட்டேன். கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சத்துலதான் என் ஊத்து போச்சு!"

அவள் இருந்த கோபத்தில் ஈரமண்ணை அள்ளி அவன்மேல் எறிந்தாள். சட்டையில் பட்டு வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"ரெண்டு பக்கத்துத் தண்ணியும் அந்த எடத்துலதான் வந்து நின்னுச்சு. நின்னு, ஒடைச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மழையில இங்கதான் நின்னேன். கோட்டைப் போட்டு அடைக்கப் பாத்தேன்," என்றான்.

அப்போதுதான் தோரா அவனை முழுதாகப் பார்த்தாள். முழங்கால்வரை களிமண். கோட்டைக் காணவில்லை. அது இந்நேரம் மிசிசிப்பி போகும் வழியில் இருக்கும். ராத்திரி முழுக்க அவன் வீட்டுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வா. வந்து காபி குடி. அப்புறம் மம்பட்டி எடு," என்றாள்.

மூன்று பேரும் அன்று முழுக்கச் சேறு அள்ளினார்கள். செல்மர் மச்சானோடு பேசவில்லை, ஆனால் எம்ப்ரெட் மம்பட்டியை நீட்டியபோது வாங்கிக்கொண்டான். மறுநாள் ஊற்று கலங்கலாகக் கசிந்தது. வெள்ளிக்கிழமை பிராடி வந்து தாழ்வின் மடிப்பில் குச்சிகளை மறுபடி நட்டான். பழைய குச்சிகள் எங்கே என்று கேட்டான். எம்ப்ரெட் வானத்தைப் பார்த்தான். பையன் புத்திசாலி, மேற்கொண்டு கேட்கவில்லை. கிழிசலைக் கல்லும் சுள்ளியும் போட்டு அடைத்து முடிக்கச் சனிக்கிழமை இருட்டிவிட்டது. உழவு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கலப்பையைத் தொடுவதைப் பற்றி அந்த மேட்டில் யாரும் யோசித்ததுகூட இல்லை.

ஞாயிறு காலை சர்ச்சில் தோராவின் காது பிரசங்கத்தில் இல்லை, கண் ஜன்னலில் இருந்தது. மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் எம்ப்ரெட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரசங்கம் முடிவதற்குள்ளேயே அவன் எழுந்தான். எல்லாருக்கும் நடுவில், பூட்ஸ் சத்தம் கேட்க, வெளியே போய்விட்டான்.

சர்ச் முடிந்து வண்டிகள் முகட்டுச் சாலைக்கு வந்தபோது முன்னால் போனவை நின்றுவிட்டிருந்தன. செல்மரும் தோராவும் எட்டிப் பார்த்தார்கள். எம்ப்ரெட் ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகக் கலப்பை பிடித்துக்கொண்டிருந்தான். மடிப்பின் உள்ளே போய், முழங்கைபோலத் திரும்பி வெளியே வந்துகொண்டிருந்தான். வளர்ந்த ஓட்ஸ் பயிர் கலப்பைக்கடியில் புரண்டது. வளைவில் திரும்பத் தெரியாத குதிரைகள் தடுமாறின.

முகட்டின் தெற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருந்த குனேரியஸ் காரிலிருந்து தலையை நீட்டினான். அவன் வாய் சும்மா இருந்து யாரும் கண்டதில்லை.

"எம்ப்ரெட்டு! காலையிலயே ஊத்திக்கிட்டியா? கலப்பை சாராயக்கடைக்கு வழி தேடுதே!"

பின்னால் இருந்த வண்டிகளில் சிரிப்பு. எம்ப்ரெட்டின் கழுத்து சிவந்தது. குதிரைகளை நிறுத்தினான்.

"என் தங்கச்சி ஊத்தைக் கெடுத்தது நான், குனேரியஸு. மழை வர்றதுக்குள்ள சரி பண்ணணும். எறங்கி வந்து குதிரையைப் பிடிக்கறதுன்னா பிடி. இல்லன்னா வண்டியை எடு, வேலை கெடக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. பாதிரியார் தன் வண்டியில் வேறு பக்கம் திரும்பி யாருடைய பசுவையோ பார்க்க ஆரம்பித்தார். அவர் செய்யக்கூடிய உபகாரம் அதுதான். தோரா இறங்கினாள். நல்ல உடுப்பின் விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குள் நடந்து குதிரைகளின் தலைக்கயிற்றைப் பிடித்தாள். அவள் முன்னால் நடந்து திருப்ப, அவன் பின்னால் கலப்பை பிடிக்க, மடிப்பில் சால் மேல் சாலாக விழுந்தது. செல்மர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, தளர்ந்த இடங்களைக் காலால் மிதித்து இறுக்கினான். முதல் துளி விழுந்தபோது கடைசிச் சால் முடிந்திருந்தது. எம்ப்ரெட் அது எப்படித் தெரிகிறது என்று சாலைப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

மழை போன தடவைக்குக் குறையாமல் பெய்தது. மூவரும் ஒரே தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மடிப்பின் ஓரத்தில் நின்றார்கள். தண்ணீர் இரண்டு பக்கத்துச் சால்களிலிருந்தும் வந்தது. மடிப்பில் நுழைந்தது. தயங்கி நின்றது. நிறைந்தது. ஒரு சாலிலிருந்து அடுத்த சாலுக்கு மெல்லிய படலமாக வழிந்து, அங்கேயும் நின்றது. செல்மர் பாதி தூரம் இறங்கிப் போய்க் கீழே பார்த்துவிட்டு வந்தான்.

"கொட்டகைகிட்ட தண்ணியே இல்ல," என்றான். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மச்சானிடமே சொன்னான். ஒரு வாரத்தில் அவனோடு பேசிய முதல் வார்த்தை.

எம்ப்ரெட் தலையை ஆட்டினான். பிறகு தார்ப்பாயைவிட்டு வெளியே போய், முகட்டில் ஏறி, மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். தோராவும் செல்மரும் என்னவோ என்று பின்னால் போனார்கள். அங்கே அவனுடைய தெற்கு வயல். அது இன்னும் பழையபடி மேலிருந்து கீழே, ஒரு குறை சொல்ல முடியாத நேர்கோடுகள். ஒவ்வொன்றிலும் காபி நிறத் தண்ணீர் விரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எங்க போகுது?" என்றாள் தோரா.

"குனேரியஸ் வீட்டுக்கு. அவன் கொட்டகைக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. வருஷா வருஷம் பெருசாகுதுன்னு பொலம்புவான். நானும் 'அய்யோ பாவம்'னு கேட்டுக்கிட்டு இருப்பேன்."

தோராவுக்குச் சிரிப்பு வந்தது. "போய்ச் சொல்லுவியாண்ணே?"

"சொல்லித்தான் ஆகணும். சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான்."

செல்மர் தொப்பியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினான். "ஆகஸ்ட்ல ஓட்ஸ் அறுத்த கையோட இதையும் குறுக்கால போட்டுடுவோம் மச்சான். என் குதிரை ரெண்டையும் ஓட்டிக்கிட்டு வந்துடறேன்."

தோரா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆகஸ்ட்லயா? ஆகஸ்ட்ல நீங்க இங்கயா இருப்பீங்க?"

"பின்ன? தனியா விட்டா உங்கண்ணன் மறுபடியும் நேரா இழுத்துடுவாரு."